விளையாட்டுப் பணியாளர்

பள்ளி நேரத்துக்கு வெளியே, பராமரிப்பு மையங்களில் சிறுவர் தம் விருப்பப்படி விளையாட இடமும் பொருளும் பாதுகாப்பும் அமைத்துத் தருபவர். பாடம் நடத்துவது இவர் பணியன்று. டென்மார்க்கின் எம்ட்ரப்பில் 1943-இல் கழிவுப் பொருள்களைக் கொண்டு அமைந்த விளையாட்டுத் திடல் இத்துறைக்கு முன்னோடி. பிரிட்டனில் இது தனித் தொழிலாக வளர்ந்தது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு டே-கேர்களில் இவ்வேலையைச் செய்பவரைப் பிள்ளைகள் ‘மிஸ்’, ‘ஆன்ட்டி’ என்றே அழைக்கின்றனர். மாலையில் வேனில் வந்திறங்கும் பிள்ளைக்குச் சிற்றுண்டி தருவது எளிது. சிமென்ட் தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட விட்டு, ‘நீ கோட்டை மிதிச்சே’ என்ற சச்சரவை அவர்களே தீர்க்கும்வரை பொறுத்திருப்பதே தேர்ச்சி. ஊதியத்தில் இத்தேர்ச்சிக்கு உரிய மதிப்பு இன்னும் கிட்டவில்லை.

மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். மாண்டிசோரிப் பட்டயம் இன்றும் இப்பணிக்கான நுழைவு வழிகளுள் ஒன்று. ஆயினும் அது பெரும்பாலும் மழலையர் கல்விக்கானது, பள்ளிச் சிறுவரின் மாலைப் பொழுதுக்கானதன்று. தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் (2021) மாலை நேரத் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் காப்பகப் பணிக்கு வாய்ப்பைத் திறந்தது.