சிகாகோவின் சிவப்புக் கோடும் கடன் மதிப்பெண்ணும்

சிபில் ஸ்கோர் என்பது இன்று நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல்லாகிவிட்டது. வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்டுச் செல்பவரிடம் வங்கி முதலில் பார்ப்பது, 300 முதல் 900 வரையிலான அந்த எண்ணைத்தான். 2000-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பட்ட சிபில் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் இப்போது டிரான்ஸ்யூனியன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கையில் உள்ளன. அதன் தலைமையகம் சிகாகோ நகரில் இருக்கிறது. கடன் மதிப்பெண் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதை அறிய அந்த நகரத்தின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

சிகாகோவுக்கு வடக்கே, ஏரிக்கரையில் உள்ள வின்னெட்கா, வில்மெட் போன்ற புறநகர்களில் சராசரிக் கடன் மதிப்பெண் மிக உயர்ந்தது. நகரின் மேற்கிலுள்ள நார்த் லாண்டேல், தெற்கிலுள்ள எங்கிள்வுட் ஆகிய பகுதிகளில் அது மிகவும் தாழ்ந்தது. இடையே இருப்பது ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்தான். சிகாகோவைச் சேர்ந்த வுட்ஸ்டாக் ஆய்வு நிறுவனம் 2010-இல் இல்லினாய் மாநிலத்தின் அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளை ஆராய்ந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண் 620-க்குக் கீழே இருந்தது. அந்த எண்ணுக்குக் கீழே உள்ளவருக்கு முறையான கடன் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் வட்டி பெரிதாக இருக்கும்.

தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். அதனால் மதிப்பெண் குறைந்தவர் நாணயம் குறைந்தவர் என்று நினைத்துவிடுவது நமக்கு எளிது. அப்படியானால் ஒரு நகரின் வடபகுதியில் நேர்மையும் மேற்குப் பகுதியில் நேர்மையின்மையும் தெருத்தெருவாகக் குடியேறிவிட்டன என்றுதான் நம்ப வேண்டியிருக்கும்.

பிறருடைய நாணயத்தை விசாரித்து ஏட்டில் எழுதி விற்கும் தொழில் அமெரிக்காவில் பழையது. அடிமை முறையை எதிர்த்துப் போராடிய லூயிஸ் டாப்பன் என்னும் வணிகர் 1841-இல் நியூயார்க்கில் இதற்கென ஒரு நிலையத்தை நிறுவினார். ஊர்தோறும் இருந்த முகவர்கள் அவ்வூர் வணிகர்களின் குணநலன்களை எழுதியனுப்பினார்கள். குடிப்பழக்கம், குடும்பம், இனம் யாவும் அவ்வேடுகளில் இடம்பெற்றன. 1956-இல் பில் ஃபேர், எர்ல் ஐசக் என்னும் இருவர் தொடங்கிய நிறுவனம் இத்தகைய வாய்மொழித் தீர்ப்புகளுக்கு மாற்றாகக் கணக்கை முன்வைத்தது. இன்று நாடு முழுதும் வழங்கும் ஃபைகோ மதிப்பெண் 1989-இல் வந்தது. இதில் மெய்யான நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் 1976-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் பால், இனம், மதம் ஆகியவற்றைக் கொண்டு கடனை மறுப்பதைத் தடைசெய்தன. ஃபைகோ கணக்கில் இனம் இல்லை, மதம் இல்லை, குடியிருக்கும் தெருவும் இல்லை. ஆனாலும் வரைபடத்தில் தெருக்கள் தனித்தனியே பிரிந்து தெரிகின்றன. அதன் காரணம் 1989-க்கு அரை நூற்றாண்டு முன்னால் இருக்கிறது.

1933-இல் ஹோமர் ஹோய்ட் என்பவர் சிகாகோவின் நூறாண்டு நில மதிப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எந்த இனத்தார் குடியேறினால் நிலத்தின் விலை உயரும், எவர் வந்தால் சரியும் என்று அதில் ஒரு வரிசை இருந்தது. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் மேலே. கறுப்பரும் மெக்சிகரும் கடைசியில். மறு ஆண்டே கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் தொடங்கப்பட்டபோது அவர் அதன் முதன்மைப் பொருளியலாளர் ஆனார். அதே காலத்தில் ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன் என்னும் மற்றோர் அரசு அமைப்பு இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தீட்டியது. பாதுகாப்பான பகுதிக்குப் பச்சை, அடுத்தடுத்து நீலம், மஞ்சள், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பர் வாழும் பகுதிகள் ஏறத்தாழ முழுவதும் சிவப்பாயின.

அவ்வரைபடங்களே எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று எழுதுவோர் உண்டு. அது சற்று மிகை. அவற்றைத் தீட்டிய அமைப்பு சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்தே இருக்கிறது. பெருங்கேடு விளைத்தது வீட்டுவசதி நிர்வாகம்தான். வங்கி தரும் வீட்டுக் கடனுக்கு அரசுக் காப்பீடு வழங்கிய அந்த நிர்வாகம், கறுப்பர் வாழும் இடங்களுக்கு அதை மறுத்தது. காப்பீடு இல்லாத இடத்தில் வங்கியும் கடன் தரவில்லை.

தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் நார்த் லாண்டேலில் குடியேறின. 1950-இல் அங்கே நூற்றுக்குப் பதின்மூன்று பேராக இருந்த கறுப்பர், 1960-இல் தொண்ணூற்றொருவர் ஆயினர். வங்கிக் கடன் கிடைக்காத அவர்களைத் தரகர்கள் சூழ்ந்தனர். அஞ்சி வெளியேறும் வெள்ளையரிடம் வீட்டை மலிவாக வாங்கி, கறுப்பருக்குத் தவணை ஒப்பந்தத்தில் பெருவிலைக்கு விற்றார்கள். கடைசித் தவணை கட்டி முடியும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடு போகும். அதுவரை கட்டிய பணமும் போகும். காலியான வீட்டை அடுத்த குடும்பத்துக்கு அதே முறையில் விற்பார்கள். தவணை விற்பனை நம் ஃபிக்ஹிலும் ஆகுமானதே. ஆனால் விற்பனை நிறைவேறியவுடன் பொருள் வாங்கியவரின் உடைமையாகிவிடுகிறது. எஞ்சியிருப்பது அவர் மீதான கடன் மட்டுமே. சிகாகோவில் நடந்ததோ, வாங்கியவருக்குரிய சுமை முழுவதையும் ஏற்றிவிட்டு, வாடகைக்காரருக்குரிய பாதுகாப்பைக்கூடக் கொடுக்காத ஒன்று.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1950, 60-களில் சிகாகோவில் கறுப்பருக்கு விற்கப்பட்ட வீடுகளில் 75 முதல் 95 விழுக்காடு இந்த முறையில் விற்கப்பட்டவை. விலை சராசரியாக 84 விழுக்காடு கூடுதல். இருபதாண்டுகளில் அம்மக்கள் இழந்தது, இன்றைய மதிப்பில் 300 கோடி டாலருக்கும் அதிகம்.

அவர்கள் வாளாவிருக்கவில்லை. 1968-இல் நார்த் லாண்டேலில் ஒப்பந்த வாங்குவோர் சங்கம் அமைத்துத் தவணைகளை நிறுத்திவைத்தார்கள். நீதிமன்றத்தில் தோற்றபோதும், பல நூறு ஒப்பந்தங்களைத் திருத்தி எழுதவைத்தார்கள். அண்டைப் பகுதியான ஆஸ்டினில் கேல் சின்கோட்டா என்னும் வெள்ளையினத் தாய், தம் பகுதி மக்களின் சேமிப்பை வாங்கிக்கொள்ளும் வங்கிகள் அதே மக்களுக்குக் கடன் மறுப்பதை அம்பலப்படுத்தினார். வங்கிகள் எந்தப் பகுதிக்குக் கடன் தந்தன என்று வெளியிட வேண்டும் என்னும் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும், சேமிப்பு திரட்டும் பகுதிக்குக் கடனும் தர வேண்டும் என்னும் 1977-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் போராட்டத்தின் கனிகள்.

இந்தச் சூழலில்தான் 1989-இல் மதிப்பெண் வருகிறது. அதில் 35 விழுக்காடு, கடனை உரிய நாளில் திருப்பிய வரலாறு. 30 விழுக்காடு, இப்போது எவ்வளவு கடன் நிற்கிறது என்பது. 15 விழுக்காடு, எத்தனை ஆண்டுகளாகக் கடன் கணக்கு உண்டு என்பது. வங்கியில் வீட்டுக் கடன் பெற்ற தந்தையின் மகன், தந்தையின் வீட்டை ஈடுகாட்டித் தன் முதற்கடனைப் பெறுகிறான். ஒரு மாதம் வேலை போனாலும் தந்தையின் சேமிப்பு தாங்குகிறது. முப்பதாண்டு தவறாமல் வாடகை கட்டியவரின் மகனுக்கு அந்தத் தாங்கல் இல்லை. பெரும்பாலும் அந்த வாடகை எந்த ஏட்டிலும் ஏறியதுமில்லை. ஆனால் கட்டத் தவறிய ஒரு மருத்துவமனைக் கட்டணம் வசூல் நிறுவனத்துக்குப் போனால் அது உடனே ஏறியது. பிறகு 2000-களில், அதுவரை கடன் மறுக்கப்பட்ட இதே தெருக்களுக்கு உயர்வட்டிக் கடன்கள் தேடி வந்தன. 2008-இல் அவை முறிந்தபோது வீடுகள் பறிபோயின; மதிப்பெண்களும் சரிந்தன. இரண்டாண்டு கழித்து வுட்ஸ்டாக் நிறுவனம் அளந்தது அந்தச் சரிவையும் சேர்த்துத்தான்.

அப்படிப் பறிபோன வீடுகள் சிலவற்றை, நகரின் தென்மேற்கே மார்க்கெட் பார்க்கை அடுத்து இயங்கும் ஐமேன் என்னும் முஸ்லிம் அமைப்பு வாங்கி, சிறையிலிருந்து மீண்டவர்களின் உழைப்பைக் கொண்டே செப்பனிட்டது. வீட்டுரிமை கேட்டு 1966-இல் ஊர்வலம் சென்ற மார்ட்டின் லூதர் கிங் கல்லடி பட்ட இடம் மார்க்கெட் பார்க். ஐம்பதாண்டு கழித்து அங்கே நினைவுச்சின்னம் எழுப்பவும் அந்த அமைப்பு முன்னின்றது.

சிவப்புக் கோடு நமக்கும் அந்நியமானதன்று. முஸ்லிம்கள் செறிந்து வாழும் சில பகுதிகளைச் சில வங்கிகள் எதிர்மறை மண்டலங்கள் என்று ஒதுக்கி வைத்திருப்பதை 2006-இல் சச்சார் குழு அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. ஹதீஸ் கலையில், நம்பகமானவர் என்று அறிஞர்களால் சான்றளிக்கப்பட்ட அறிவிப்பாளர் மீது காரணம் கூறாமல் சொல்லப்படும் குறையைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்பதில்லை. சில ஊர்களின் அறிவிப்புகளைக் குறித்து அவர்கள் எச்சரிக்கையாக இருந்ததும் உண்டு; என்றாலும் ஒவ்வொரு மனிதரையும் பெயர் சொல்லி ஆராய்ந்த பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள்.

நம்மில் வட்டிக்கு அஞ்சி ஒருபோதும் வங்கிக் கடன் வாங்காதவர் பலர். அவர்களின் சிபில் அறிக்கையில் எண்ணுக்குப் பதிலாகக் கழித்தல் ஒன்று என்றே காணப்படும். அதற்குப் பொருள் நாணயம் இல்லை என்பதன்று, கடன் வரலாறு இல்லை என்பது மட்டுமே. அந்த ஒரு காரணத்துக்காக முதன்முறை விண்ணப்பிப்பவரை மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 2017 முதல் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. தவறு இருந்தால் திருத்தச் சொல்லி எழுதலாம்.