எந்த வழி ஆற்றியது?

போர்க்கால யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைக்கு வந்தவர்கள் முதலில் சொன்னது உடம்பைத்தான்: தலையிடி, நெஞ்சு எரிவு, நித்திரையின்மை. மருத்துவ பீடப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவரவர் பழக்கத்திலிருந்தே சிகிச்சையை எடுத்தார். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, கூடவே மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு. ஆசிரியராக இருந்து இதைப் பயின்றவன் நான். கண்ணை மூடச் சொன்னதும் பிள்ளைகளின் இறுகின தோள்கள் மெல்ல இறங்கும்.

ஆனால் கண்ணால் கண்டது மட்டும் சான்றாகாது. 2004 கடற்கோளுக்குப் பின் வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் தாங்கள் பட்டதைத் தொடர்ச்சியான கதையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வும் செய்தார்கள். ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தின் பின் முதற்குழுவில் 81 வீதம், மற்றதில் 71 வீதம் தேறியிருந்தனர். குழு சிறியது, அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க இயலாது. செபத்தையும் தியானத்தையும் பழசென்று தள்ளியவர்களுக்கு இரண்டாம் குழுவின் தேறுதல் நல்ல பதில் என்பேன்.

2012இல் வெளியான ஆய்வுதான் என்னை உலுக்கியது. வடக்கில் 399 பிள்ளைகள், வகுப்பறையில் உளவளப் பயிற்சியாக 15 அமர்வுகள். சிலரின் நடத்தை சீரானது உண்மை. ஆனால் பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகளின் நெருக்கீட்டு அறிகுறிகள், பெறாதவர்களை விடக் குறைவாகவே தணிந்தன. புதுத் திட்டத்தோடு எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வருபவர்களே, பலனை அளந்து பார்த்துவிட்டு வாருங்கள்.