பக்கத்து நாட்டுத் தங்கச் சுரங்கத்தில் பாதரசத்துக்கு என்ன வேலை?

தேக்கா நகைக்கடையில் ஒரு வளையலைக் கையில் எடுக்கிறீர்கள். அந்தத் தங்கம் எங்கே தோண்டப்பட்டது? பார்த்துச் சொல்லவே முடியாது. உருக்கிய பிறகு எல்லாத் தங்கமும் ஒன்றுதான். ஆனா, தோண்டிய ஊர் அதை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் சுமார் 38 விழுக்காடு, சிறிய அளவிலான தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. 2018-இல் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட கணக்கு அது. நிலக்கரி எரிப்பதுகூட அதற்கு அடுத்துத்தான். நம் பக்கத்திலேயே, இந்தோனேசியாவின் கலிமந்தானிலும் சுலாவெசியிலும் இந்தத் தொழில் நடக்கிறது.

ஏன் பாதரசம்?

பாறைத்தூளில் இருக்கும் தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும், தூளை விட்டுவிடும். இரண்டும் சேர்ந்து வெள்ளி நிறக் களிம்பு மாதிரி ஆகும். அதைச் சூடாக்கினால் 357 டிகிரி செல்சியஸில் பாதரசம் கொதித்து ஆவியாகும். தங்கம் உருகவே 1,064 டிகிரி வேண்டும், அதனால் அது அப்படியே மிஞ்சும். சின்ன கேஸ் அடுப்பு போதும், அன்றைக்கே காசு. இதை ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்று இப்போது புரியும்.

ஆவி எங்கே போகும்? முதலில் சூடாக்குபவரின் நுரையீரலுக்கு. அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு.

சேற்றில் நடப்பது

சுலாவெசியின் பாலு நகருக்கு அருகே போபோயா என்ற இடம் இருக்கிறது. அங்கே பாறை, தண்ணீர், பாதரசம் மூன்றையும் சுழலும் உருளைகளில் போட்டு மணிக்கணக்கில் அரைத்தார்கள். அப்படி அரைபட்டால் பாதரசம் நுண்துளிகளாகச் சிதறிவிடும். தங்கத்தைச் சரியாகப் பிடிக்காது, கழிவுச் சேற்றோடு வெளியேறும்.

சேற்றில் இன்னும் தங்கம் இருக்குமே என்று அதையே சயனைடில் ஊறவைப்பதும் உண்டு. இந்த இடம்தான் படுமோசம். சயனைடு பாதரசத்தையும் கரைத்துவிடும், கரைந்தது தண்ணீரோடு எளிதாக நகரும்.

ஆற்றுக்குப் போனதும் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அளவு கூடிக்கொண்டே போகும். சமைத்தாலும் போகாது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளைக்குத்தான் ஆபத்து அதிகம். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிவந்தது இதே நஞ்சுதான். ஆனால், அங்கே காரணம் ஒரு ரசாயன ஆலை.

தடை போட்டால் போதாதா?

மினமாட்டா உடன்பாட்டை இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் 2017-இல் ஏற்றன. சிறு தங்கச் சுரங்கங்களில் பாதரசத்தை 2025-க்குள் ஒழிப்பது இந்தோனேசியாவின் இலக்காக இருந்தது. ஆனா, பல சுரங்கங்களுக்கு உரிமமே கிடையாது. உரிமம் இல்லாதவரிடம் அதிகாரி போனால் அவர் ஓடத்தான் பார்ப்பார், புது முறையைக் கற்றுக்கொள்ள மாட்டார்.

மாற்று வழி இருக்கு. பிலிப்பீன்ஸின் பெங்கெட் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் பாதரசத்துக்குப் பதிலாக வெங்காரம் சேர்த்துத் தங்கத்தை உருக்குகிறார்கள். நம் பொற்கொல்லர் பட்டறையில் இருக்கும் அதே வெங்காரம்தான்! முதலில் தூளை நீரில் நன்றாக அலசிச் செறிவாக்க வேண்டும், அதற்குக் கைப்பழக்கம் தேவை. எல்லா வகைப் பாறைக்கும் இது ஒத்துவராது.