நீரடியில் ஓர் ஊர்: வேல்சின் லின் கெலின் நீர்த்தேக்கமும் மொழி நினைவும்

முன்னுரை

நீர்நிலை அமைத்தலை அறமெனப் போற்றுவது தமிழ் மரபு. நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்துவதைப் புறநானூற்றின் 18ஆம் பாடலில் காண்கிறோம். எவருடைய நிலத்தில், எவருடைய இசைவோடு நீர் தேக்கப்படுகிறது என்னும் வினாவை இருபதாம் நூற்றாண்டு எழுப்பியது. அவ்வினாவின் வரலாற்றுச் சான்றாக விளங்கும் வடவேல்சின் லின் கெலின் நீர்த்தேக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் நடைவழியும்

பாலா நகருக்கு வடமேற்கே, எரிரி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்திற்கு இந்நீர்ப்பரப்பு விரிந்துள்ளது. தெற்கே 854 மீட்டர் உயரமுள்ள அரெனிக் வௌர் மலை நிற்கிறது. இங்கிருந்து நகருக்கு நேரே குழாய் செல்வதில்லை. அணையிலிருந்து விடப்படும் நீர் ட்ரவெரின் ஆற்றின் வழியே பாலாவுக்கு அருகில் டீ ஆற்றில் கலந்து, கீழே வெகுதொலைவில்தான் எடுக்கப்படுகிறது. அவ்வாறு பாயும் விசையைக்கொண்டே அணைக்குக் கீழ்ப் படகுவிளையாட்டு நடைபெறுகிறது. மலையேறுவோரும் மீன்பிடிப்போரும் நாடிவரும் அமைதியான இடம் இது. கரையோரம் நடப்பவர் காணும் நினைவுக்கற்கள் மற்றொரு வரலாற்றைக் கூறுகின்றன.

மூழ்கிய ஊர்

லிவர்பூல் மாநகராட்சி, தன் குடிநீர், தொழில் தேவைகளுக்காக இப்பள்ளத்தாக்கைத் தேர்ந்தது. வேல்சு உள்ளாட்சி அமைப்புகளின் இசைவைப் பெறவேண்டாதவாறு, நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமுன்வரைவாகத் திட்டத்தைக் கொண்டுசென்றது. வேல்சு உறுப்பினர் ஏறத்தாழ அனைவரும் எதிர்த்தபோதிலும் 1957இல் அது சட்டமாயிற்று. 1956 நவம்பரில் ஊர்மக்கள் லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் சென்றும் பயன் விளையவில்லை. 1965 அக்டோபரில் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது.

கப்பெல் கெலின் என்னும் சிற்றூரின் பள்ளி, அஞ்சலகம், வழிபாட்டு மன்றம், இடுகாடு, பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும் நீரில் மறைந்தன. பள்ளத்தாக்கில் வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் கூடிய ஹவோட் வடோக் பண்ணையும் இவற்றுள் ஒன்று. கரையிலுள்ள நினைவு மன்றத்தின் அருகே பழைய கல்லறைக் கற்கள் சில வைக்கப்பட்டுள்ளன.

எண்ணிக்கையும் இழப்பும்

நகரின் தேவைக்கு முன் 67 பேர் என்பது சிறு தொகையே என்பது திட்டத்தினர் நோக்கு. வேல்சு மக்கள் இழப்பை வேறு அளவையால் அளந்தனர். வழிபாடு, பள்ளி, சந்தைப் பேச்சு அனைத்தும் வேல்சு மொழியிலேயே நிகழ்ந்த ஊர் அது. 1961 கணக்கெடுப்பின்படி வேல்சில் அம்மொழி பேசுவோர் 26 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். அந்நிலையில் முழுமையான மொழிச்சூழல் ஒன்று மறைவது, ஆள்தொகையைக் கொண்டு ஈடுசெய்ய இயலாத இழப்பாயிற்று. 1962இல் சாண்டர்ஸ் லூயிஸ் ஆற்றிய வானொலி உரையில் ட்ரவெரினும் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே வேல்சு மொழிச் சங்கம் தோன்றியது. 1967இல் வேல்சு மொழிச் சட்டம் இயற்றப்பட்டது. லிவர்பூல் மாநகராட்சி 2005இல் முறைப்படி வருத்தம் தெரிவித்தது.

சுவரெழுத்து

லான்றிஸ்டிட் அருகே சாலையோர இடிசுவரில், ‘ட்ரவெரினை நினைவிற்கொள்க’ எனப் பொருள்படும் இரு சொற்களை 1960களின் தொடக்கத்தில் மெய்க் ஸ்டீவன்ஸ் எழுதினார். ஆங்கிலம் பேசும் இல்லத்தில் வளர்ந்து, பின்னர் வேல்சு மொழியைக் கற்றவர் அவர். வினையை அடுத்து வரும் செயப்படுபொருளின் முதலொலி மென்மையுற்றுத் திரியவேண்டும் என்பது அம்மொழி இலக்கணம். ஸ்டீவன்ஸ் அத்திரிபின்றி எழுதினார். பின்வந்தோர் திருத்தி எழுதினர். ஒலிப்பிலா ஒலி ஒலிப்புடையதாகும் இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை; புணர்ச்சி விதிகளை அறிந்தார்க்கோ அதன் நுட்பம் எளிதில் விளங்கும். பிழையோடு தொடங்கிய எழுத்தே ஓர் இனத்தின் நினைவுச்சின்னமாக நிலைத்தது. 2019இல் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது ஆர்வலர்கள் அதனை மீண்டும் கட்டினர்.

முடிவுரை

1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையிலும் நீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளிப்படுகின்றன. அவற்றைக் காண மக்கள் திரள்கின்றனர். அங்கு ஊர் மூழ்கினும் அதன் மொழி சுற்றுப்புறமெங்கும் தழைத்தது. கெலினில் ஊரோடு மொழியும் பற்றுக்கோடு இழக்கும் நிலை இருந்தமையால், அவ்வூரின் பெயரே மொழிக்காப்பின் முழக்கமாயிற்று. புலம்பெயர்ந்து வாழும் தமிழர், மொழி நிலைபெறப் பேசுவோர் தொகை மட்டும் போதுமா, அது இயல்பாக வழங்கும் இடமும் வேண்டுமா என எண்ணுமிடத்து இவ்வரலாறு துணைசெய்யும். நீரில் மூழ்கிய தமிழ் ஊர்களின் பெயர்களையும் வாய்மொழிச் செய்திகளையும் தொகுப்போர்க்கும் லின் கெலின் கரை ஒரு முன்மாதிரியாகும்.