எட்டிக்காயும் ஆங்கில ஏலும்

எட்டிக்காய்க் கசப்பு என்பது நமது பேச்சில் ஓர் உவமை மாத்திரமே. 1852 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் அது ஒரு செய்தியாயிற்று. எட்டியின் வித்திலிருந்து எடுக்கப்படும் ஸ்டிரிக்னின் என்ற கொடிய நஞ்சு பாரிஸ் நகரில் பெருமளவில் தயாராகி இங்கிலாந்துக்கு அனுப்பப்படுகிறது; அங்கே விற்கப்படும் வெளிர்நிற ஏலுக்குக் கசப்பூட்டுவது அதுவே. பிரெஞ்சு இரசாயன அறிஞர் ஒருவர் விரிவுரையொன்றில் இவ்வாறு கூறியதாக மருத்துவ சஞ்சிகையொன்று எழுதிற்று. நாளிதழ்கள் அதனை எடுத்து வெளியிட்டன. எவரும் மூலத்தைத் தேடிச் சென்றதாகத் தெரியவில்லை. எமது தொழிலின் பழைய நோய் அது.

ஏல் என்பது பியரின் ஒரு வகை. முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றை மதுவம் இட்டு, மிதமான வெப்பநிலையில் நொதிக்க விட்டுப் பெறுவது. கசப்பையும் மணத்தையும் தருவன ஹொப் என்ற கொடியின் பூங்கதிர்கள். ட்ரென்ட் நதிக்கரையிலுள்ள பேர்ட்டன் நகரின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அந்நீரில் ஹொப்பின் கசப்பு தெளிவாகவும் கூர்மையாகவும் எழும். 1822 இல் இந்தியச் சந்தையை எண்ணி அங்கே ஓல்சொப் நிறுவனம் தொடங்கிய வெளிர்நிற ஏல், சில தசாப்தங்களில் இங்கிலாந்தையே பிடித்துக்கொண்டது. கரிய போர்ட்டர் பியருக்குப் பழகிய நாவுக்கு இந்தக் கசப்பு புதிது. புதிய சுவையில் நஞ்சைச் சந்தேகிப்பது மனித இயல்புதானே.

ஓல்சொப் நிறுவனம் தோமஸ் கிரஹாம், ஓகஸ்ட் ஹொஃப்மன் என்ற இரு இரசாயனப் பேராசிரியர்களை நாடியது. அவர்கள் ஏலை விலங்குக் கரியுடன் குலுக்கி, கரி உறிஞ்சியதை மதுசாரத்தாற் பிரித்தெடுத்துச் சோதித்தனர். நஞ்சை வேண்டுமென்றே கலந்த ஏலில் அது அகப்பட்டது. பேர்ட்டன் ஏலில் எதுவும் அகப்படவில்லை. விற்பனையாகும் அவ்வளவு ஏலுக்கும் கசப்பூட்ட, உலகில் உற்பத்தியாகும் ஸ்டிரிக்னினைவிடப் பல மடங்கு வேண்டியிருக்கும் என்று கணக்கும் காட்டினர். பிழையான செய்தியை மறுப்பு எட்டிப் பிடிப்பது அரிது. இங்கே எட்டிப் பிடித்ததோடு நில்லாமல் முந்தியும் சென்றது. அறிஞர்களின் சான்றுரைகளையே ஓல்சொப் விளம்பரமாக்கியது.

நாவின் தீர்ப்பை ஆய்வுகூடம் மாற்றியமைத்த கதை இது. ஆனால் நாவுக்கு நெடுங்காலப் போட்டியாளன் ஆய்வுகூடமன்று, கண். உலோகக் குவளையிலும் மண் குவளையிலும் குடித்தவர்கள் பியரின் தெளிவைப் பெரிதாகக் கருதியிருக்க இடமில்லை. 1845 இல் பிரித்தானியா கண்ணாடி மீதான தீர்வையை நீக்கிய பின்னர் கண்ணாடிப் பாத்திரங்கள் மலிந்தன. பொன்னிறமாக, கலங்கலின்றி மின்னும் ஏலே நல்ல ஏல் என்ற எண்ணம் வேரூன்றியது.

இங்கேதான் போத்தல் ஏலின் சிக்கல் தொடங்குகிறது. பழைய முறையில் அடைக்கப்பட்ட போத்தலில் மதுவம் உயிருடன் இருக்கும். அது உள்ளேயே மெல்ல நொதித்து நுரையையும் சுவையையும் வளர்க்கும். அடியில் மண்டியாகப் படியும். பேர்ட்டனின் வர்திங்டன் வைட் ஷீல்ட் அவ்வகையில் பெயர்பெற்றது. போத்தலை அசையாது வைத்து, ஒரே சாய்வில் ஊற்றி, மண்டி கழுத்தை அடையும் கணத்தில் நிறுத்துவது ஒரு கலையாகவே மதிக்கப்பட்டது. மண்டியையும் சேர்த்துக் குடிப்போர் மறுகட்சி. இரண்டையும் செய்யத் தெரியாத வாடிக்கையாளருக்காக, வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றிய போத்தல்கள் வந்தன. அவை எப்போதும் தெளிவு. எப்போதும் ஒரே சுவை. கிருமிகளைக் கண்டு அஞ்ச அறிவியலும் கற்றுக்கொடுத்திருந்தது. 1871 இல் லண்டன் விற்பிரெட் ஆலைக்கு வந்த லூயி பாஸ்டர், அங்கிருந்த மதுவத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துக் குறை சொன்னார். ஆலை விரைவிலேயே தனக்கும் ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கிக்கொண்டது.

எனினும் அறிவியல் ஒரே பக்கம் நிற்கவில்லை. டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளோசன், நெடுநாள் வைத்து முதிரவிடும் ஆங்கில ஏலின் தனிச்சுவைக்குக் காரணமான மதுவமொன்றைப் பிரித்தறிந்து, 1904 இல் லண்டனில் அதனை விளக்கினார். 'பிரித்தானியப் பூஞ்சணம்' என்று பொருள்படும் பிரெட்டனோமைசிஸ் என்ற பெயரை அதற்கு இட்டார். இன்று பெரும்பாலான ஏல்களில் அதன் மணம் எழுந்தால் நடுவர் அதைக் குறையாகவே எழுதுவார். ஒரு காலத்தின் அடையாளம் மறுகாலத்தின் பழுதாகிவிட்டது.

உண்மை ஏலுக்கான நுகர்வோர் இயக்கமான கம்ரா 1971 இல் தோன்றியபோது, மதுவம் உயிருடன் உள்ள போத்தல் பியர்கள் பிரித்தானியாவில் ஐந்தளவிலேயே எஞ்சியிருந்தன. வைட் ஷீல்டும், 1968 இல் டோர்செஸ்டர் நகரில் நாவலாசிரியர் தோமஸ் ஹார்டியின் நினைவாக வடிக்கப்பட்ட வலிய ஏலும் அவற்றுட் சில. ஆண்டுக்கணக்கில் பாதுகாத்துக் குடிக்கத்தக்கது என்று விற்கப்பட்டது அந்த ஹார்டி ஏல். அத்தகைய பானத்தை நல்லது, கெட்டது என்ற இரு சொற்களால் எவ்வாறு மதிப்பிடுவது? அந்தச் சொற்பஞ்சத்தைத் தீர்த்ததில் பெரும்பங்கு மைக்கல் ஜாக்சன் என்ற பத்திரிகையாளருக்கு உரியது. பாடகரல்லர், 2007 இல் மறைந்த யோர்க்ஷயர்க்காரர். 1977 இல் வெளிவந்த அவரது உலக பியர் வழிகாட்டி, பியரை அது பிறந்த ஊரோடும் வகையோடும் சேர்த்து மதிப்பிடக் கற்பித்தது. எமது நாட்டின் லயன் ஸ்டவுட்டை வெளியுலகுக்குப் பாராட்டி அறிமுகப்படுத்தியவரும் அவரே.

1886 இல் லண்டனில் தொடங்கிய பியர்ப் போட்டி இன்றும் நடைபெறுகிறது. அதில் தீர்ப்பளிப்போர் தொழிலில் உள்ள வடிப்பாளர்கள். 1991 முதல் கம்ராவும் போத்தல் ஏலுக்கெனத் தனிப் பட்டம் வழங்கத் தொடங்கியது. பெயர்ச்சீட்டை மறைத்துச் சுவைப்பதே இத்தகைய போட்டிகளின் முறை.

கடைத்தட்டில் அந்த மறைப்பு இல்லை. ஹொப்பின் கசப்புப் பொருட்கள் மீது வெளிச்சம் பட்டால், அழுகல் நெடி போன்ற வாடை எழும். மண்ணிறப் போத்தல் அதைப் பெரிதும் தடுக்கும். நிறமற்ற போத்தல் தடுக்காது. நடுவரின் மூக்கு இதனை உடனே கண்டுகொள்ளும். ஆயினும் ஏலின் பொன்னிறம் கண்ணில் படவேண்டும் என்பதற்காக, நிறமற்ற போத்தலில் அடைத்து விற்கும் ஆலைகள் இங்கிலாந்தில் இன்றும் உள்ளன.