இரவு வானில் ஒரு தீப்பெட்டி டெலிபோன்

இருட்டினால் தூரத்து ரேடியோ நிலையங்களும் வீட்டுக்குள் வந்துவிடும். அந்த உபகாரத்தைச் செய்யும் அயனி மண்டலத்தை உலகம் அறிந்ததற்குக் காரணம் ஒரு வியாபாரியின் பிடிவாதம். 1901 டிசம்பரில் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி அட்லாண்டிக்கைத் தாண்டியது. பூமியோ உருண்டை, அலை எப்படி வளைந்தது? மேலே மின்சாரம் பாயும் அடுக்கு ஏதோ திருப்பி விடுகிறது என்று அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் 1902-ல் தனித்தனியே ஊகித்தார்கள்.

1924-ல் ஆப்பிள்டன், பார்னெட் என்ற இரு விஞ்ஞானிகள் அதை நிரூபித்தார்கள், அதுவும் இரவல் கருவியில்: நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு பிபிசியின் போர்ன்மத் ஒலிபரப்பியை வாங்கிக்கொண்டு! சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த அதற்கு ‘ஈ’ என்று பெயர். விரைவிலேயே அதற்கும் மேலே ‘எஃப்’ அகப்பட்டது.

பிறகு பல பத்தாண்டுகள் இரண்டும் தனித்தனிக் குடித்தனம். ராத்திரியில் ‘ஈ’ மெலிந்துவிடும். ஆனால் எரிகற்கள் உதிர்த்த இரும்பையும் மக்னீசியத்தையும் காற்று ஒதுக்கிச் சில நேரம் மெல்லிய தகடாக்கிவிடும். மேலே ‘எஃப்’-பிலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள அலைகள் ஊரும். கீழிருந்து எழும் காற்றலையின் வேலை என்றுதான் பலர் எண்ணினார்கள். 1973-ல் பெர்கின்ஸ் என்ற ஆய்வாளர், ‘எஃப்’ அடுக்கு மின்விசையாலேயே நிலைகுலையும் என்றார். அழகான கணக்கு, ஆனால் அதன்படி அலை வளர்வதற்குள் பாதி இரவு போய்விடும்.

இங்கே ஒரு தற்செயல். நிலநடுக்கத்துக்காக நிலம் நகர்வதை அளக்க ஜப்பான் நாடெங்கும் ஜிபிஎஸ் நிலையங்களை நட்டது. அயனி மண்டலத்தால் ஜிபிஎஸ் சிக்னலில் நேர்ந்து, அளவையாளர்களுக்குத் தொல்லையாக இருந்த பிழைகளை 1990-களின் இறுதியில் வரைபடமாக்கியபோது, அலைகள் வரிவரியாகத் தென்மேற்கே நகர்வது தெரிந்தது.

2000-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் காஸ்குரோவும் சுனோடாவும் முடிச்சைப் போட்டார்கள். கீழே ‘ஈ’-யில் உள்ள உலோகத் தகடும் அந்த அலை வரிகளின் சாய்விலேயே நிலைகுலையக்கூடியது. பூமியின் காந்தக் கோடுகளின் வழியே எலெக்ட்ரான்கள் தடையில்லாமல் ஓடுவதால், கீழே எழும் மின்புலம் மேலேயும், மேலே எழுவது கீழேயும் போய்ச் சேரும்: நூல் கட்டிய தீப்பெட்டி டெலிபோன்தான். ஒன்று மற்றதைத் தூண்ட, மந்தமான வளர்ச்சி வேகமெடுக்கும். 2009-ல் யோகோயாமா குழுவின் கணினி மாதிரியும் இதைக் காட்டியது.

நூல் எவ்வளவு நீளம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காந்தக் கோடு நிலநடுக்கோட்டைத் தாண்டி மறுபாதியில் இறங்குகிறது. தெற்கு ஜப்பானின் சாட்டாவிலும், கோட்டின் மறுமுனைப் பக்கமான ஆஸ்திரேலிய டார்வினிலும் ஒட்சுகா குழு கேமராக்களை வைத்து வானின் செந்நிற ஒளியைப் படமெடுத்தது. 2004-ல் வந்த முடிவு: ஒரே இரவில், இரண்டு ஊரிலும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே வரிகள். சாட்டாவில் அவை தென்மேற்கே போனால் டார்வினில் வடமேற்கே. காற்றலை மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. விதையை வேண்டுமானால் அது போட்டிருக்கலாம்.