மணிமங்கலம்: கட்டுகிற வேலையும் காக்கிற வேலையும்

மணிமங்கலம் என்றதும் வரலாறு படிக்கிறவர்களுக்குப் போர்தான் ஞாபகம் வரும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் இதுவும் ஒன்று. இதைச் சொல்கிற கூரம் செப்பேட்டை முழுசாகப் படித்தால் இன்னொரு சங்கதியும் கிடைக்கும். பாலாற்றிலிருந்து ‘பெரும்பிடுகு’ என்று ஒரு கால் வெட்டி, பரமேஸ்வர தடாகம் என்ற ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாடும் அதே செப்பேட்டில்தான் இருக்கு. போர் பாடப்புத்தகத்துக்குப் போயிடுச்சு. ஏரி வேலையைப் பற்றி யாரும் பேசுறதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கட்டுமான மேனேஜர் வேலைக்கு எதிர்காலம் எப்படி என்று பி.இ. சிவில் முடித்த சொந்தக்காரப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் சாப்ட்வேர்காரன். எனக்குத் தெரிந்த வழியில், தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்: 1996ல் கம்பெனி தொடக்கம், 1998ல் முதல் சாண்ட்ரோ கார். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா: 2005ல் அறிவிப்பு, 2006ல் உற்பத்தி. ஒரகடத்தில் ரெனோ நிசான்: 2008ல் ஒப்பந்தம், 2010ல் திறப்பு. ஆக, இவ்வளவு பெரிய தொழிற்சாலையே ஒன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் எழுந்துவிடுகிறது. திறப்பு விழா அன்றைக்கு ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை ஆரம்பம். கட்டிய மேனேஜருக்கு அன்றோடு அந்த சைட்டில் வேலை முடிஞ்சுது. அடுத்த அறிவிப்பு வந்தால்தான் அடுத்த சைட்.

அறிவிப்பு வராத காலமும் உண்டு. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2019ல் சால்காம்ப் அதை வாங்கியது. கட்டடம் ஏற்கெனவே நின்றிருந்ததால் அங்கே தேவைப்பட்டது புதுசாகக் கட்டுகிற ஆளைவிட, இருப்பதைச் சோதித்து, மாற்றி, மறுபடி ஓட வைக்கத் தெரிந்த ஆள்.

பழைய காலத்தில் இது எப்படி இருந்தது? இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கு. குடவோலைக்காகத்தான் அவை பிரபலம். ஆனால் அந்தக் குடவோலையில் தேர்வானவர்களில் ஒரு பிரிவு ஏரி வாரியம். வயது 35க்கு மேல், 70க்குள். பதவிக்காலம் 360 நாள். ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருஷத்துக்கு வரக்கூடாது. கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் இடமில்லை. அது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை. மண் சுமந்தவர்களுக்கு அதில் இடம் கிடையாது, அதை மறக்க வேண்டாம். ஆனாலும் ஒரு விஷயம் கவனிக்கணும்: ஆள் மாறினார், பதவி மாறவில்லை. ஏரி வெட்டி முடிந்த பிறகும் அதற்கென்று ஒருவர் வருஷா வருஷம் இருந்தார்.

இன்றைக்குத் தலைகீழ். கட்டும்வரை ஒரு படையே இருக்கு. சாவியைக் கொடுத்த பிறகு ஆளைத் தேட வேண்டியிருக்கு. இதற்கு விலை கொடுத்திருக்கோம். மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீர் போவது அடையாற்றுக்கு. 2015 டிசம்பரில் அந்தக் கரையில் வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. எவ்வளவு மழை பெய்தாலும் வரத்துக்கால், கலங்கல், வடிகால் என்று தண்ணீருக்கு வழி இருக்கணும். அதைப் பார்த்துக்கொள்வதும் கட்டுமான வேலைதான்.

வேலையின் வகையும் மாறுது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு முடியாமல் போன பிறகு பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில், 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தனை பேர் தினமும் குளிக்கிற, சமைக்கிற கட்டடத்தைத் திறந்துவிட்டுப் போய்விட முடியாது. தண்ணீர், கழிவுநீர், லிப்ட், தீயணைப்பு என்று தினசரி வேலை இருக்கு.

அதனால் கேட்கிற பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். புது ஆலை அறிவிப்பை மட்டும் நம்பினால் உங்கள் வாழ்க்கை இரண்டிரண்டு வருஷத் துண்டாகத்தான் ஓடும். பராமரிப்பு, பழைய ஆலையை மாற்றி அமைப்பது, மழைநீர் வடிகால், தொழிலாளர் குடியிருப்பு, இவற்றில் ஏதாவது ஒன்றில் கை தேர்ந்தால் சைட் முடிந்த பிறகும் உங்களைத் தேடுவார்கள். வேலையில் சேரும்போது சம்பளம் என்ன என்று கேளுங்கள். கூடவே இந்த இடத்து மழைத்தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்றும் கேளுங்கள்.